விளைவது விதையால் மட்டுமா?

கதிர் முற்றினால் விதையைப் புகழ்வோர் உண்டு. நிலத்தை நினைப்போர் எத்தனை பேர்? மாளிகையைக் கண்டு வியப்போர் அடிக்கல்லை எண்ணுவதுண்டா?

நம் உடலுக்குள்ளும் இதே கதைதான்! எலும்பினுள்ளே மஜ்ஜை, அதிலே நொடிக்கு ஏறத்தாழ 20 இலட்சம் சிவப்பணுக்கள் பிறக்கின்றன. ஓய்வில்லை, விடுமுறையில்லை! பெற்றெடுக்கும் பெருமை குருத்தணுக்களுக்குக் கிடைத்தது. அவற்றைத் தாங்கி நிற்கும் ஸ்ட்ரோமா செல்களைத் துணைத் திசு என்று ஒதுக்கினர் பலர். ஸ்ட்ரோமா என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பொருளே படுக்கை, விரிப்பு என்பதுதான்!

ஆனால் நடந்தது என்ன? மாஸ்கோவிலே அலெக்சாண்டர் பிரிடென்ஸ்டைன், ஸ்ட்ரோமா செல்களைத் தனித்து வளர்த்து, வேறொரு விலங்கின் சிறுநீரக உறையடியில் வைத்தார். அங்கே எலும்பு முளைத்தது! அந்த விலங்கின் குருத்தணுக்கள் அதிலே குடியேறின, குருதி பிறந்தது! 1977-இல் மான்செஸ்டரிலே மைக்கேல் டெக்ஸ்டர், குடுவையின் அடியில் ஸ்ட்ரோமா செல்கள் விரிப்பாகப் பரவிய பிறகு, எலியின் மஜ்ஜைச் செல்களை அதன்மேல் இட்டார். விரிப்பின்றி விரைவில் நின்றுபோகும் குருதியாக்கம், மாதக்கணக்கில் நீடித்தது. மறு ஆண்டே ரேமண்ட் ஸ்கோபீல்டு சொன்னார்: குருத்தணுவுக்கு ஓர் உறைவிடம் வேண்டும் என்று. மாடத்திலே வைத்த விளக்குத்தானே காற்றுக்கு அணையாமல் நிற்கும்!

அந்த வழியிலே, எலும்பின் சுண்ண உப்பால் நுண்துளைச் சாரம் அமைத்து, மனித ஸ்ட்ரோமா செல்களை அதில் வளர்த்து, மஜ்ஜையையே கட்டியெழுப்ப முனைந்துள்ளது அறிவியல். இன்னும் அது ஆய்வுக்கூடத்து நாற்று. மருத்துவமனை வயலுக்கு வரவில்லை.

நமக்கென்ன இதிலே என்று கேட்கிறீர்களா, தோழர்களே? இஸ்தான்புல் நகரிலே காலணித் தொழிலாளர், பசையிலிருந்த பென்சீன் ஆவியைச் சுவாசித்தனர். இரத்தப் புற்றுநோய்க்கு ஆளாயினர். 1970களிலே மருத்துவர் அக்சோய் அதை உலகுக்கு எடுத்துரைத்தார். பென்சீன் தாக்குவது மஜ்ஜையைத்தான்! மாற்று மஜ்ஜை தேடினால், உடன்பிறந்தான் ஒருவன் முழுதும் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பே. பொருந்தாதவன் கதி?

செயற்கை மஜ்ஜை வளர்ந்தால், எந்த நஞ்சு எப்படித் தாக்கும் என்பதைத் தொழிலாளியின் எலும்பிலே அல்ல, குடுவையிலே சோதிக்கலாம். ஒருநாள் அதுவே மருந்தாகவும் ஆகலாம். ஆனால் குடுவையிலே விளைவது கோடீசுவரன் வீட்டுக்கு மட்டும் போகுமானால், அதனால் உழைப்பாளிக்கு என்ன பயன்?

நச்சில்லாத தொழிற்கூடம் இன்று வேண்டும். அறிவியலின் அறுவடையிலே பங்கு நாளை வேண்டும். இரண்டையும் கேட்போம்! விரிப்பாகக் கிடந்த செல்தான் குருதியைக் காக்கிறது. அடித்தளத்திலே நிற்பவனுக்கு, அதன் பயன் கடைசியாக வந்து சேர விடலாமா?