டிக்கெட் உண்டு, இடம் இல்லை

உத்தியோகத்தின் பொருட்டு வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்களுக்கு ஊர்ப் பயணம் என்பது வெறும் உல்லாசப் பிரயாணம் அன்று. ஆண்டில் பத்து அல்லது பன்னிரண்டு நாள் விடுமுறை கிடைக்கிறது. அதற்குள் ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து, குலதெய்வத்துக்கு ஒரு பொங்கல், வயதான பெற்றோரின் வைத்தியம் ஆகிய யாவும் அடங்கியாக வேண்டும். தில்லியிலிருந்து சென்னைக்கு ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை நாள் ஆகிறது. விமானத்தில் மூன்று மணிக்கும் குறைவான நேரமே. மிச்சமாகும் நாட்களை எண்ணித்தான் நம்மவர்கள், சக்திக்குச் சற்று மிஞ்சியதாயினும், விமான டிக்கெட்டை வாங்குகிறார்கள். அவ்வாறு வாங்கிய டிக்கெட்டுடன் விமான நிலையத்துக்கு உரிய நேரத்தில் சென்று நிற்பவரிடம், “விமானம் நிரம்பிவிட்டது, தங்களுக்கு இடம் இல்லை” என்று சொன்னால் அவர் என்ன செய்வது? அதைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறோம்.

இடம் இருக்கும் அளவுக்குத்தானே டிக்கெட் விற்பார்கள் என்று நாம் நினைக்கிறோம். உண்மை அதுவன்று. டிக்கெட் வாங்கியோர் அனைவரும் வந்துவிடுவதில்லை. ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவர் போக்குவரத்து நெரிசலில் சிக்கிக்கொள்கிறார், இன்னொருவருடைய மேலதிகாரி விடுமுறையை ரத்துச் செய்துவிடுகிறார். விமானம் கிளம்பிய பின் காலியாகப் போகும் ஆசனம் விற்காமல் வாடிய கத்தரிக்காயைப் போன்றது. மறுநாள் அதை விற்க இயலாது. எனவே 180 ஆசனங்கள் உள்ள ஒரு விமானத்தில் சராசரியாக எட்டுப் பேர் வருவதில்லை என்று பழைய கணக்குகள் காட்டுமானால், நிறுவனம் துணிந்து 186 டிக்கெட்டுகளை விற்கிறது. எட்டுப் பேர் வராவிட்டால் இரண்டு இடங்கள் காலி. எவருக்கும் இடையூறு இல்லை. நான்கு பேர் மட்டுமே வராமற்போனால் 182 பேர் வாயிலில் நிற்பார்கள். இருவருக்கு இடம் இராது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்திய நாட்களில் வராமற்போவோர் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்! கணக்கு பொய்ப்பது இத்தகைய நாட்களில்தான்.

ரயில்வேயிலும் இது ஒருவகையில் உண்டு. ஆனால் ரயில்வே அதை மறைப்பதில்லை. ‘ஆர்.ஏ.சி.’ என்று டிக்கெட்டிலேயே அச்சிட்டு, இருவரைப் பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கையில் உட்கார வைத்து ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. விமானத்தில் உட்கார வைக்க இயலாது. நிற்க வைப்பதோ நினைக்கவும் முடியாதது. அங்கே யாவருடைய டிக்கெட்டும் உறுதி செய்யப்பட்டது என்றே காணப்படும். எது உறுதி, எது அரை உறுதி என்பது கடைசி நேரத்தில்தான் விளங்கும். இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. பழுதின் காரணமாகப் பெரிய விமானத்துக்குப் பதிலாகச் சிறிய விமானத்தைக் கொண்டு வந்தால், ஒரு டிக்கெட்டும் அதிகமாக விற்காத நிலையிலும் சிலருக்கு இடம் இராது.

இந்த வழக்கம் உலகெங்கும் உள்ளது. அமெரிக்காவில் ஜூலியன் சைமன் என்னும் பொருளாதார அறிஞர் 1968-இல் ஒரு யோசனை சொன்னார்: யாரையும் வலிந்து இறக்க வேண்டாம், எவ்வளவு கொடுத்தால் இடத்தை விட்டுத் தருவீர்கள் என்று பயணிகளையே கேளுங்கள் என்றார். முதலில் நகைத்தவர்கள் பத்தாண்டுகளுக்குப் பின் அதையே விதியாக்கினார்கள். இருந்தும் 2017 ஏப்ரலில் சிகாகோ விமான நிலையத்தில், ஆசனத்தில் அமர்ந்துவிட்ட ஒரு பயணியைக் காவலர்கள் இழுத்துச் சென்ற காட்சியை உலகமே கண்டது. அந்த விமானத்தில் நிறுவனத்தின் ஊழியர் நால்வருக்கு இடம் தேவைப்பட்டது. விட்டுக் கொடுக்கப் போதுமான பேர் முன்வரவில்லை.

நம் நாட்டில் இதற்கென விதி உண்டு. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2010-இல் வெளியிட்ட ஒழுங்குமுறை, 2016 ஆகஸ்டு 1 முதல் திருத்திய தொகைகளுடன் நடைமுறைக்கு வந்தது. அதன் ஆங்கிலச் சொற்றொடர் ஒன்றைத் தமிழாக்க முயன்றால் ‘ஏற மறுத்தல்’ என்று வரும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல் ஒரு சங்கடத்தைத் தருகிறது. மறுத்தது யார்? பயணியா, நிறுவனமா? தமிழில் அது தெளிவாக இல்லை. ‘ஏற்ற மறுத்தல்’ என்று ஓர் ஒற்றெழுத்தைக் கூட்டினால்தான் குற்றம் யார் பக்கம் என்பது புலனாகும். இது இலக்கணப் பூசல் அன்று. விமான நிலையத்தின் கவுண்டரிலும் முழு வழக்கும் இந்த ஒற்றெழுத்தைப் பற்றியதே.

நமக்கே நேர்ந்ததைச் சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் தங்கையின் குழந்தைக்கு மதுரைக்கு அருகில் உள்ள கிராமத்தில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் குழந்தை அமர வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. முதல் நாள் மாலை தில்லியிலிருந்து சென்னை, அங்கிருந்து இரவே மதுரை என்று ஏற்பாடு. கவுண்டரில் இருந்த இளைஞர் மிகவும் பணிவாகப் பேசினார்: “மன்னிக்க வேண்டும் சார், விமானம் நிரம்பிவிட்டது. காலை முதல் விமானத்தில் அனுப்பி வைக்கிறோம். இதில் மட்டும் ஒரு கையெழுத்துப் போடுங்கள்.” சாப்பாட்டுக்கு ஒரு சீட்டும் கொடுத்தார். பதற்றத்தில் கையெழுத்திட்டோம். அரசாங்கக் காகிதங்களை வரி வரியாகப் படித்து மொழிபெயர்ப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள், அந்த ஒரு காகிதத்தைப் படிக்கவில்லை! ‘எனது இடத்தை விருப்பத்துடன் விட்டுக் கொடுக்கிறேன்’ என்பது அதன் சாரம். பின்னர் நஷ்ட ஈடு கோரி எழுதிய கடிதத்துக்கு, பயணி தாமாகவே முன்வந்தார் என்று பதில் வந்தது. ஊரில் பெரியவர்கள் நல்ல நேரத்தைத் தவற விடவில்லை. ஒன்றுவிட்ட தம்பி ஒருவரின் மடியில் குழந்தையை அமர்த்தி ஆசாரி காது குத்திவிட்டார். நாம் பிற்பகலில் போய்ச் சேர்ந்தபோது, “வந்தீர்களே அண்ணா, அதுவே போதும்” என்றாள் தங்கை. அவள் வேறு ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை என்று தோன்றிற்று.

ஆகவே முதலில் கவனிக்க வேண்டியது இது. விதியின்படி நிறுவனம் முதலில், இடத்தை விட்டுத் தர விருப்பமுள்ளோர் உண்டா என்று கேட்க வேண்டும். அவர்களுக்குச் சலுகைகளும் தரலாம். அவசரமில்லாதவர் அதை ஏற்பதில் தவறில்லை. என்ன தருவார்கள் என்பதை எழுத்தில் பெற்றுக்கொண்டால் போதும். விருப்பமில்லாதவரோ, தம் விருப்பத்துக்கு மாறாகவே ஏற்ற மறுக்கப்பட்டது என்று எழுதித் தரும்படி நயமாகவும் உறுதியாகவும் கேட்க வேண்டும். வேறு எதிலும் கையெழுத்திடலாகாது.

அவ்வாறு மறுக்கப்பட்டவருக்கு உரியவை எவை? முதலில் குறித்த நேரத்திலிருந்து ஒரு மணிக்குள் புறப்படும் வேறு விமானத்தில் இடம் தந்துவிட்டால் நஷ்ட ஈடு இல்லை. அதற்குப் பின், ஆனால் 24 மணிக்குள் புறப்படும் விமானமானால், ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைப் போல் இரு மடங்கு. உச்சவரம்பு 10,000 ரூபாய். 24 மணியையும் கடந்தால் நான்கு மடங்கு. உச்சவரம்பு 20,000 ரூபாய். மாற்று விமானமே வேண்டாம் என்போருக்கு டிக்கெட் பணம் முழுவதும் திரும்பக் கிடைப்பதோடு அதே நான்கு மடங்கும் உண்டு. அடிப்படைக் கட்டணம் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நாம் செலுத்திய மொத்தத் தொகையில் வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் கலந்திருக்கும், அவை இந்தக் கணக்கில் சேரா. அடிப்படைக் கட்டணமும் எரிபொருளும் 4,000 ரூபாய் எனில் மறுநாள் காலை விமானத்துக்கு 8,000 ரூபாய் கிடைக்கும். 6,000 ரூபாய் எனில் 12,000 அன்று, 10,000 மட்டுமே.

இவை யாவும் உரிய நேரத்தில் வந்து சேர்ந்தவருக்கே. உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 60 நிமிடத்துக்கு முன்னரே கவுண்டரை மூடிவிடுகிறார்கள். இரண்டு நிமிடம் பிந்தினாலும், ‘பயணி வரவில்லை’ என்று பதிவாகிவிடும்; மீண்டும் அந்த ஒற்றெழுத்தின் கதைதான். வரிசை நீளமாக இருந்தால் வந்த நேரம் தெரியும்படி கைபேசியில் ஒரு படம் எடுத்து வைப்பது நலம். வீட்டிலிருந்தே இணையத்தின் வழியாக முன்கூட்டிப் பதிவு செய்து ஆசன எண்ணைப் பெற்றுவிடுவது இன்னும் நலம். இடம் போதாதபோது நிறுவனம் பெரும்பாலும் ஆசன எண் இல்லாமல் கடைசியில் வருகிறவரைத்தான் நிறுத்துகிறது. பண்டிகைக் காலத்தில் நாளின் கடைசி விமானத்தை நம்புவதைவிட முதல் விமானத்தைப் பிடிப்பது புத்திசாலித்தனம். அதில் இடம் போனாலும் அன்றைக்கே வேறொன்று இருக்கும். தில்லிவாசிகள் மட்டும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் இதைச் சற்று யோசிக்க வேண்டும். விடியற்காலை மூடுபனி எந்த விதிக்கும் கட்டுப்படுவதில்லை.

மூடுபனி, வெள்ளம், வேலைநிறுத்தம் போன்ற நிறுவனத்தின் சக்திக்கு அப்பாற்பட்ட காரணங்களால் தாமதமோ ரத்தோ நேரும்போது நஷ்ட ஈட்டை எதிர்பார்க்க இயலாது. சாதாரணத் தாமதங்களுக்கு வேறு அளவுகள் உண்டு. மும்பையிலிருந்து சென்னைக்குச் செல்வது போன்று இரண்டரை மணிக்குட்பட்ட பயணமானால் இரண்டு மணித் தாமதத்துக்கும், தில்லியிலிருந்து சென்னை போன்று அதற்கு மேற்பட்டதானால் மூன்று மணித் தாமதத்துக்கும் சிற்றுண்டி தர வேண்டும். உள்நாட்டு விமானம் ஆறு மணிக்கு மேல் தாமதிக்குமானால் வேறு விமானத்தையோ முழுப் பணத்தையோ கேட்கலாம். இரவு 8 மணிக்கும் 3 மணிக்கும் இடையே புறப்பட வேண்டிய விமானம் ஆறு மணிக்கு மேல் தாமதித்தால் தங்குமிடமும் உண்டு.

பிந்திப் போய்ச் சேர்வதால் விளையும் இடர்கள் விமான நிலையத்துடன் முடிவதில்லை. இரண்டு விமானங்களையும் ஒரே டிக்கெட்டில் எடுத்திருந்தால், முதலாவது பிந்தி இரண்டாவது தவறினாலும் ஊர் சேர்ப்பது நிறுவனத்தின் பொறுப்பு. சில நூறு ரூபாய் மலிவு என்று தனித்தனியே வாங்கினால், இரண்டாவது நிறுவனத்தின் கண்ணுக்கு நாம் வராத பயணியே. விமானத்திலிருந்து இறங்கி ரயில் ஏறுவோர் நிலையும் இதுவே. ரயிலிலிருந்து ரயிலுக்கு மாறுவோருக்கு மட்டும் 2019 ஏப்ரல் முதல், இரு டிக்கெட்டுகளையும் இணைத்துக்கொண்டு, முதல் ரயில் பிந்தியதால் இரண்டாவது தவறினால் பயணம் செய்யாத பகுதியின் பணத்தைப் பெறும் வசதி வந்துள்ளது. ஓட்டலில் அறை எடுத்திருப்போர் உடனே அங்கு தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும். முதல் இரவு வராதவருடைய மற்ற இரவுகளையும் ரத்துச் செய்துவிடும் ஓட்டல்கள் உண்டு.

குறையை முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். பயன் இல்லையேல் மத்திய அரசு 2016-இல் தொடங்கிய ‘ஏர் சேவா’ தளத்தில் பதியலாம். அதற்கும் மேல் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நிகழ்ச்சி எங்கு நடந்திருப்பினும், நாம் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே வழக்கைத் தொடுக்கலாம். சென்னையில் நடந்ததற்காக நாகபுரிக்காரர் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. காலக்கெடு இரண்டு ஆண்டுகள். நாமும் ஒரு முறை அந்த மனுவை எழுதத் தொடங்கினோம். இணைப்பாக வைக்க வேண்டிய காகிதத்தை எடுத்து, அதன் அடியில் இருந்த நமது கையெழுத்தைப் பார்த்த பின், மேலே எழுதவில்லை.