மஞ்சள் குறைந்தால் புகை நல்லதா?

பிறந்த இரண்டாம், மூன்றாம் நாளில் குழந்தைக்கு மஞ்சள் தட்டுவது சகஜம். நிறைமாதக் குழந்தைகளில் சுமார் 60 சதவீதத்தினருக்கும் குறைமாதத்தில் பிறந்தவர்களில் சுமார் 80 சதவீதத்தினருக்கும் முதல் வாரத்தில் இந்தக் காமாலை வருகிறது. குழந்தையின் மூக்கு நுனியை விரலால் மெல்ல அழுத்தி எடுத்தால், ரத்தம் விலகிய இடத்தில் மஞ்சள் தெரியும். ரத்தத்தில் பிலிருபின் என்ற கழிவு ஏற ஏற, முகத்திலிருந்து மார்பு, வயிறு, பாதம் என்று மஞ்சள் கீழே இறங்கும்.

சிவப்பணுக்கள் உடையும்போது உண்டாகும் கழிவுதான் பிலிருபின். நமக்குச் சிவப்பணு 120 நாள் வாழும். பச்சிளங்குழந்தைக்கு 80, 90 நாள்தான். கழிவு அதிகம், அதை வெளியேற்றும் கல்லீரல் நொதியோ பிறந்த சமயத்தில் பெயரளவுக்கே வேலை செய்கிறது.

கர்ப்ப காலத்தில் புகைபிடித்த தாய்மாரின் குழந்தைகளுக்குக் காமாலை சற்றுக் குறைவாக இருந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. புகையிலுள்ள ரசாயனங்கள் அந்த நொதியை முன்கூட்டியே தூண்டிவிடலாம் என்பது ஒரு விளக்கம். ஃபீனோபார்பிட்டால் என்ற வலிப்பு மருந்துக்கு அப்படித் தூண்டும் குணம் உண்டு என்பதால், இது நடக்காத காரியமல்ல. ஆனால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். புகைபிடிக்கும் தாய்மாரில் தாய்ப்பால் கொடுப்பவர்கள் குறைவு. முதல் சில நாளில் தாய்ப்பால் போதாமல் போனால் காமாலை கூடும்; புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு அந்தச் சிக்கல் குறைவு. ஆக, மஞ்சளைக் குறைத்தது புகையா, புட்டியா என்று பிரித்துச் சொல்வது கடினம். இதைப் படித்துவிட்டுத் தாய்ப்பாலை யாரும் நிறுத்திவிடக் கூடாது. நாளுக்கு 8 முதல் 12 முறை பால் கொடுத்தாலே பிலிருபின் மலத்தோடு வெளியேறும்.

புகை கொடுப்பதாகச் சொல்லும் இந்தச் சலுகைக்குக் குழந்தை தரும் விலை பெரிது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவின் ரத்தத்திலும் கலந்து, தாயின் ரத்தத்தில் இருப்பதைவிட அங்கே கூடுதலாகவே சேரும். ஆக்சிஜன் போதாத சிசு வளர்ச்சி குன்றுகிறது. எடை சராசரியாக 200 கிராம் வரை குறைகிறது. குறைப்பிரசவமும் தொட்டிலில் நேரும் திடீர் மரணமும் கூடுகின்றன. குறைமாதக் குழந்தைக்குக் காமாலை கடுமையாகும் வாய்ப்பு அதிகம் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். நொதி கொஞ்சம் தூண்டப்பட்டது என்பதற்காகப் புகைக்கு நற்சான்று கொடுப்பது அறிவியல் ஆகாது.

நம் ஊரில் கர்ப்பிணிகள் புகைபிடிப்பது அபூர்வம். ஆனால் கணவரின் பீடிப் புகையும் வெற்றிலையோடு போடும் புகையிலையும் பல வீடுகளில் உண்டு. இரண்டுமே சிசுவைச் சென்றடைகின்றன. அப்பாவாகப் போகிறவர்களே, வீட்டுக்குள் புகைக்காதீர்கள். முடிந்தால் அடியோடு விட்டுவிடுங்கள்.

குழந்தை பிறந்து 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளானாலோ, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, காலை வெயிலில் காட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். பிலிருபின் அளவு கடந்தால் மூளையைப் பாதிக்கும். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு அங்குள்ள நீல விளக்கே போதும்.