உங்களுக்குத் தெரியுமா? கலைந்துபோன இரு குண்டுவீச்சுப் படைகள்

பிரிட்டிஷ் ராஜரீக விமானப்படையில் 44, 97 என்னும் எண்களைத் தாங்கிய இரு ஸ்குவாட்ரன்களும், முதல் உலக யுத்தம் உக்கிரமாக நடந்துகொண்டிருந்த 1917-ஆம் ஆண்டிலேயே ஜனித்தவை. பிற்காலத்தில் முன்னது ஆப்பிரிக்காவிலிருந்த ரொடீஷியாவின் பெயரையும், பின்னது பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை அடங்கிய, நம்மவர் பலர் கடல்கடந்து சென்று குடியேறிய 'ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ்' பிரதேசத்தின் பெயரையும் விசேஷணமாகச் சூடிக்கொண்டன. இவற்றுள் 97-க்கு மரணம் புதிதன்று. 1920-இல் இந்தியாவில் இருந்தபோதே அதற்கு 60 என்று மறு எண் இட்டு, பழைய எண்ணை ஒருமுறை மறைத்துவிட்டார்கள்!

பிற்பாடு 97 மீண்டும் உயிர்பெற்றது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1942 ஏப்ரல் 17 அன்று, நீர்மூழ்கிகளுக்கு டீசல் எந்திரம் செய்துவந்த ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத் தொழிற்சாலையைத் தகர்க்கும்பொருட்டு, படைக்கு ஆறாகப் பன்னிரண்டு லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள், பட்டப்பகலில், மரவுச்சிகளை உரசுமளவு தாழப் பறந்து சென்றன. திரும்பாதவை ஏழு; அவற்றில் ஐந்து 44-ஐச் சேர்ந்தவை, இரண்டே 97-ஐச் சேர்ந்தவை. சாகசமென்று கொண்டாடப்பட்ட அப்பிரயாணம், என் அபிப்பிராயத்தில், அளவுக்கு மீறிய விலை கொடுத்து வாங்கியதே. 44-இன் ஆறு விமானங்களில் தம்முடையது மட்டுமே மீள, வீரத்துக்கான விக்டோரியா சிலுவை பெற்ற ஜான் நெட்டில்டன், மறு ஆண்டு ஜூலையில் டூரின் தாக்குதலிலிருந்து திரும்புகையில் மாண்டார்.

யுத்தத்திற்குப்பின் சில காலம் தோர் ஏவுகணைகளைக் காத்த 97, 1967-இல் கலைந்தது. வல்கன் விமானங்களோடு வாழ்ந்த 44, பாக்லாந்து யுத்தம் நடந்த 1982-ஆம் ஆண்டின் டிசம்பர் மாதத்தில் கலைக்கப்பட்டது.