ஏட்டில் உறங்கும் பாட்டு

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருவழியில் நாலந்தா என்னும் சிற்றூர் உளது. அங்குள்ள 'கெடிகே' என்னும் கற்கோயில் திராவிடச் சிற்ப முறையில் எழுந்த பௌத்த ஆலயமாகும். போவத்தென்னை நீர்த்தேக்கம் அமைந்தபோது அது நீரில் மூழ்கும் நிலை ஏற்பட்டது. எனவே, கல் கல்லாகப் பெயர்த்தெடுத்து உயர்ந்த இடத்தில் மீண்டும் அடுக்கினர். இடம் மாறிற்று, கோயில் பிழைத்தது.

இதே வழியாகத்தான் கோப்பித் தோட்டக் காலத்தில் தமிழகத் தொழிலாளர் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைக்கு நடந்து வந்தனர். வழியில் நோயால் மாண்டோர் பலர். எஞ்சியோர் கொண்டு வந்த பெருஞ்செல்வங்களுள் ஒன்று காமன் கூத்து. மாசி மாதத்தில் தப்பு முழங்க, மன்மதனும் இரதியும் தோட்டத்து லயங்களின் முன்னே ஆடி வருவர். சிவனின் நெற்றிக் கண்ணால் மன்மதன் எரிவதும், இரதி புலம்புவதும், அவள் வேண்டுதலால் அவன் மீள எழுவதும் கதையாகும். இக்கதையை வைத்தே தஞ்சைப் பகுதியில், காமன் எரிந்தான் என ஒரு கட்சியும் எரியவில்லை என மறு கட்சியும் பாட்டாலேயே வாதிடும் லாவணி வளர்ந்தது. எதிராளியின் பாட்டுக்கு அந்நொடியிலேயே பாட்டால் விடை கூற வேண்டும். ஏட்டைப் புரட்ட அங்கு நேரமேது?

நம் மாணவர்களோ பாட்டை ஏட்டில் மட்டுமே காண்கின்றனர். பதம் பிரித்துப் பொருள் எழுதுவர். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவர். அவர்களுள் ஒருவனை இரதியின் புலம்பல் நிகழும் களத்தில் நிறுத்திப் பாருங்கள். முதலில் தோழரை நோக்கி நகைப்பான். தப்பின் நடை தளர்ந்து, குரல் மட்டும் தனித்து எழும்போது அவன் நகைப்பு அடங்கும். அருகில் நிற்கும் மூதாட்டி முந்தானையால் கண்களைத் துடைப்பதைக் காண்பான். அவலச் சுவை என்று தான் மனனம் செய்தது இதுதானா என அன்றே உணர்வான். நடிப்பவன் மூச்சு வாங்குவதும், கூட்டம் ஒருங்கே மௌனமாவதும் அச்செழுத்தில் அகப்படுவன அல்ல.

இவ்வுணர்ச்சி ஒரு தலைமுறையையே மாற்றியதுண்டு. 1956ஆம் ஆண்டு பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர, பேராதனை மாணவர்களைக் கொண்டு 'மனமே' என்னும் சிங்கள நாடகத்தை மேடையேற்றினார். அதற்கு அவர் கைக்கொண்ட நாடகம எனும் வடிவம் தமிழ்க் கூத்தின் வழி வந்ததாகும். அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் நம் கூத்துக்குப் புத்துயிர் அளிக்க முனைந்தார். 1962இல் 'கர்ணன் போர்', 1967இல் 'வாலி வதை', இவற்றிடையே 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்' ஆகியன அரங்கேறின. இராவணனாக ஆடிய சி. மௌனகுரு அன்று மாணவர். பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். படியாதவர் ஆட்டம் என்று இகழப்பட்ட கலையைப் படித்த இளைஞர் காலில் சதங்கை கட்டி ஆடியபோது, பார்த்தவர்களின் நாணம் பெருமிதமாயிற்று.

விடியவிடிய வட்டக்களரியில் ஆடிய கூத்து, மின்விளக்கு மேடையில் சிறு பொழுதுக்குள் சுருங்கியதால் இழப்பில்லையா எனச் சிலர் வினவலாம். இழப்பு உண்டு. சுற்றியமர்ந்து விடியும்வரை விழித்திருந்த ஊராரின் நெருக்கம் மேடையில் இல்லை. ஆயினும் நாலந்தாக் கோயிலைப் பெயர்த்தவர்கள் அது நின்ற நிலத்தையும் உடன் கொண்டு செல்ல இயன்றதா? மூழ்குவதினும் இடம் பெயர்தல் நன்றன்றோ!

ஆனால் கல்லை ஒருமுறை அடுக்கினால் போதும்; கூத்தை ஒவ்வொரு தலைமுறையும் தன் உடலாலும் குரலாலும் மீண்டும் அடுக்கியாக வேண்டும். எனவே, பெற்றோர்களே, அடுத்த மாசியில் தப்பொலி கேட்குமாயின் பிள்ளைகளைப் புத்தகத்தோடு அறையில் இருத்தாதீர்கள். கைப்பிடித்துக் களத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆசிரியர்களே, செய்யுளுக்குப் பொருள் கூறுமுன் அதனை ஒருமுறை வாய்விட்டுப் பாடச் செய்யுங்கள். பாட்டு முதலில் செவியில் நுழையட்டும். பொருள் தானே பின்தொடரும்.