தாத்தாவின் ஸ்கூட்டர் ஏன் புகை விட்டது?



உங்கள் தாத்தா காலத்து ஸ்கூட்டரைப் பார்த்திருக்கிறீர்களா? காலையில் அதைக் கிளப்புவதே ஒரு வேடிக்கை. பெட்ரோல் இறங்கட்டும் என்று முதலில் வண்டியை ஒரு பக்கம் சாய்ப்பார்கள். பிறகு நிமிர்த்தி, கிக்கரை நாலு உதை உதைப்பார்கள். 'பட பட'வென்று சத்தம்; பின்னால் நீலப் புகை! நானும் அப்படி ஒரு வண்டியில்தான் பள்ளிக்குப் போய் வந்தேன்.

அது மலிவாகக் கிடைத்ததற்கும், புகை விட்டதற்கும் காரணம் ஒன்றேதான். அது என்ன தெரியுமா?

குளவி பிறந்த கதை

இத்தாலியில் பொன்டெடேரா என்ற ஊரில் பியாஜியோ நிறுவனம் விமானங்கள் செய்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து தொழிற்சாலை நாசமானது. 1945-ல் போர் முடிந்தபோது மக்களிடம் கார் வாங்கப் பணமில்லை. எல்லோரும் வாங்கும்படி ஒரு சிறு வண்டி தேவைப்பட்டது.

அதை வடிவமைத்தவர் கொர்ராடினோ தஸ்கானியோ என்ற விமானப் பொறியாளர். அவருக்கு மோட்டார் சைக்கிள் என்றாலே பிடிக்காது! ஏறுவது சிரமம், சங்கிலியின் எண்ணெய் உடையில் ஒட்டும், பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றுவது கஷ்டம். ஆகவே, கால் வைக்க முன்னால் தட்டையான இடம் அமைத்தார். என்ஜினைப் பின்சக்கரத்தோடு சேர்த்துச் சங்கிலியை ஒழித்தார். முன்சக்கரத்தை ஒரு பக்கம் மட்டுமே தாங்கும்படி செய்தார். எளிதில் கழற்றி மாட்டலாம். 1946-ல் 98 சி.சி. என்ஜினுடன் 'வெஸ்பா' வெளிவந்தது. இத்தாலிய மொழியில் வெஸ்பா என்றால் குளவி!

மேலே ஒன்று, கீழே ஒன்று

என்ஜினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய் வரும். இன்றைய பைக்குகளில் அது நான்கு முறை நகர்ந்தால்தான் ஒரு சுற்று வேலை முடியும். டூ-ஸ்ட்ரோக் என்ஜினிலோ இரண்டே நகர்வு! மேலே ஒன்று, கீழே ஒன்று. திறந்து மூடும் வால்வுகள் தேவையில்லை. சுவரில் உள்ள துளைகளே போதும். பாகம் குறைவு, எடை குறைவு, விலையும் குறைவு.

ஆனால் ஒரு சிக்கல். ஒரு வகுப்பறையிலிருந்து காலைப் பிரிவு மாணவர்கள் ஒரு வாசலில் வெளியேறும்போதே, மறு வாசலில் மாலைப் பிரிவினர் நுழைந்தால் என்னாகும்? நுழைந்தவர்களில் சிலரும் கூட்டத்தோடு வெளியே போய்விடுவார்கள் அல்லவா? அப்படித்தான் எரியாத பெட்ரோலும் புகையோடு வெளியேறியது. மேலும், என்ஜின் தேயாமலிருக்கப் பெட்ரோலிலேயே எண்ணெய் கலக்க வேண்டும். அந்த எண்ணெயும் எரிந்ததால்தான் நீலப் புகை!

நம் ஊரில்

வெஸ்பாவை நம் நாட்டில் பஜாஜ் நிறுவனம் உரிமம் பெற்றுத் தயாரித்தது. 1972-ல் வந்தது 'சேத்தக்'. ராணா பிரதாப்பின் குதிரையின் பெயர் அது. பதிவு செய்துவிட்டு மக்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள், காய்கறிப் பை... அத்தனையையும் அந்தக் குதிரை சுமந்தது.

வண்டி வைத்திருந்தவருக்குச் செலவு மிச்சம். பஸ் நிறுத்தத்தில் நின்ற குழந்தைக்கோ இருமல்! 2000-ஆம் ஆண்டிலிருந்து புகை விதிகள் மேலும் மேலும் கடுமையாயின. டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்கள் விடைபெற்றன. 2020-ல் அதே சேத்தக் பெயரில் மின்சார ஸ்கூட்டர் வந்தது. அதற்குப் புகைக்குழாயே கிடையாது!

குழந்தைகளே, நாளை உங்களில் யாராவது ஒரு புது வண்டியை வடிவமைக்கலாம். அப்போது இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள்: வண்டியில் போகிறவர் ஒருவர், அதன் பின்னால் நடந்து வருகிறவர் இன்னொருவர்.