இடனும் காலமும்

கடைத்தெருவில் நல்லதொரு மூலையிடம் கிடைத்துவிட்டால் வாணிகம் தானே வளரும் என்று என் மாணாக்கர் சிலர் கருதுகின்றனர். அவர்கள் காலி நகரின் வரலாற்றைக் கற்றல் நன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கீழ்த்திசை செல்லும் நீராவிக் கப்பல்கள் காலியில் தங்கி நிலக்கரி ஏற்றின. பிரயாணிகளுக்கு இரத்தினமும் ஆமையோட்டுப் பொருள்களும் விற்ற வணிகர் அங்கே செழித்தனர். ஆயின் அத்துறையிற் பாறைகள் பல. மலைநாட்டுக் கோப்பியோ கொழும்புக்கே இறங்கியது. 1867 இல் புகையிரதப் பாதையும் கொழும்பையே கண்டியோடு இணைத்தது. 1875 இல் கொழும்பில் அலைதடுப்பணைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அவ்வணை எழவே கப்பல்கள் கொழும்பை நாடின. காலி இருந்த இடத்திலேயே இருந்தது. கப்பல் வரும் வழி மாறிவிட்டது.

வள்ளுவர் காலமறிதலை முன்வைத்து, இடனறிதலை அதன்பின் வைத்தார். அரசர்க்கு உரைத்த அம்முறை வணிகர்க்கும் பொருந்துமென்பது என் துணிபு. தந்தையின் சேமிப்பைக் கடைக்கு முற்பணமாகக் கட்ட விழையும் இளைஞன், அவ்வழியே செல்வோரை எண்ணிப் பார்த்தால் மட்டும் போதாது. அவர்களை அங்கு வரச்செய்வது யாது, அது நீங்கினும் வருவரோ என்பதையும் ஆராய்ந்து துணிதல் வேண்டும்.