பிடியும் வேண்டும், முதுகும் வேண்டும்

வளைவில் தரையைக் கவ்விக்கொண்டு பறக்கும் கார். ஆனால் சிறு பள்ளம் வந்தாலே ஓட்டுபவரின் பற்கள் கிடுகிடுத்துவிடும். 1983இல் புதிய செவர்லே கார்வெட் அமெரிக்கச் சாலைகளுக்கு வந்தபோது கிடைத்த பாராட்டும் வசையும் இதுதான்.

குற்றவாளி ஸ்பிரிங். வளைவில் கார் சாயக் கூடாது என்பதற்காக அதை முரட்டுத்தனமாக இறுக்கியிருந்தார்கள். விளைவு, மேடு பள்ளத்தில் சக்கரம் துள்ளியது. துள்ளும் சக்கரத்துக்கு ஏது பிடிப்பு?

தலைமைப் பொறியாளர் டேவ் மெக்லெலனின் குழு 1985 மாடலில் ஸ்பிரிங்கை இளக்கியது. வேகப்பிரியர்களுக்கான இசட்51 ரகத்தில் சாய்வைத் தடுக்கும் குறுக்குத் தண்டைத் தடிமனாக்கியது. இரு பக்கச் சக்கரங்களும் ஒன்றாக மேடேறினால் தண்டு தலையிடாது. வளைவில் ஒரு பக்கம் அமுங்கினால் முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். சவுகரியத்துக்கு ஸ்பிரிங், வளைவுக்குத் தண்டு என வேலை பிரிந்தது.

ஆனால் தண்டுக்கும் எல்லை உண்டு. ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கினால் அந்த உலுக்கல் மறுபக்கத்தையும் தொடும். எனவே கவனம் ஷாக் அப்சார்பர் பக்கம் திரும்பியது. 1989 மாடலில் இறுக்கத்தை மூன்று நிலைகளில் மாற்றும் வசதி வந்தது. 2003 மாடலில் காந்தமே கைகொடுத்தது. ஷாக் அப்சார்பருக்குள் இரும்புத் துகள் கலந்த திரவம். மின்சாரம் பாய்ந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் கெட்டிப்படும், நின்றால் இளகும். சாலைக்கேற்ப முடிவெடுப்பது கம்ப்யூட்டர்.

முரட்டுக் கார்தான் வேகமான கார் என்ற நம்பிக்கை மட்டும் சில ரசிகர்களிடம் இன்னும் இளகவில்லை.